பாவு அறுத்த படத்தை ஆரணியில் பார்த்த கதை

போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணி போகிறோம். ஒரு நாள் போதுமா? எப்படிப் போவது?" போதும் அம்மா, தாராளமாகப் போதும். வழியும் சொல்கிறேன். ஆனால் ஆரணி என்றால் எனக்குப் புடவைக்கு முன்னால் ஒரு சினிமா தியேட்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் வழியோடு சேர்ந்து கதையும் வருகிறது. அவசரக்காரர்கள் பஸ் விவரத்தை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதல் தடவை நான் போனது எண்பதுகளின் ஆரம்பத்தில், பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தேன். தமிழ்நாடே கொண்டாடிய ஒரு பெரிய டைரக்டர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வாழ்க்கையையே எங்கள் கம்பெனி படமாக எடுத்தது. ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் தறியை விட்டு எழுந்து மெட்ராஸ் பஸ் ஏறியவர் அவர். கதை விவாதத்தில் உட்கார்ந்து முக்கால்வாசிக் காட்சிகளை எழுதியவன் நான். டைட்டிலில் முதல் தடவையாக என் பெயர் வந்தது. சின்ன எழுத்துதான், ஆனாலும் வந்தது.

படத்தின் உயிர் என்று எல்லோரும் சொன்ன காட்சி இடைவேளைக்கு முன்னால் வரும். இளைஞரான டைரக்டர் அப்பாவோடு சண்டை போடுவார். கத்தரிக்கோலை எடுத்து, தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளத்துக்கு ஓடுகிற ஆயிரக்கணக்கான இழைகளை, நடுவில் கரகரவென்று அறுத்துப் போட்டுவிட்டு வாசலைத் தாண்டுவார். திரையில் 'இடைவேளை' என்று விழும். மெட்ராஸில் அந்த இடத்தில் காது கிழிய விசில். நாலு தியேட்டரில் பின்னால் நின்று கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது, அவ்வளவு சந்தோஷம்.

ஏனென்றால் அந்தக் காட்சி முழுக்க முழுக்க என் மூளையில் உதித்தது. அவர் பாவை அறுத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் தயாரிப்பாளர் நோட்டீஸில் 'டைரக்டர் தம் வாயாலேயே சொன்ன உண்மைச் சம்பவங்கள்' என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. டைரக்டருக்கு ஆரணியில் பூங்காவனம் என்று ஒரு தங்கை இருப்பது எங்களுக்குத் தெரியும். அவரைப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு மணி நேரப் பஸ்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

படம் ஆரணியில் வெளியான மூன்றாவது நாள் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "சொந்த ஊர்ல ஜனங்க எப்படி உருகறாங்கன்னு பார்த்து எழுதிட்டு வா. விளம்பரத்துல போடுவோம்" என்றார். உருகுவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மறுநாளே கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்கு மெட்ராஸில் பஸ். வாலாஜா, ஆற்காடு வழியாக ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் பத்து ரூபாய் நாற்பது பைசா. ஆற்காட்டில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே இறங்கி அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடாவை வாங்கிச் சாப்பிடாதவன் பாவி. நான் இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கடிக்கும்போது கண்டக்டர், "ஜல்தி ஏறு சார், துன்னுகினே ஏறு" என்று சத்தம் போட்டார். ஆற்காட்டிலிருந்து ஆரணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்தேகாலுக்கு இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் எட்டு ரூபாய்க்கு அறை கிடைத்தது. மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை.

தியேட்டர் அங்கிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். மேட்னி இரண்டரை மணிக்கு. நான் யார் என்று சொல்லாமல், ஒரு ரூபாய் பத்து பைசா கொடுத்துப் பெஞ்சு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஊர்ப் பெயர் முதல் தடவை ஒலித்ததும் விசில் பறந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்டுடியோவில் நாங்கள் போட்ட தெரு வந்தது. "இது எந்தத் தெருடா, நம்ம ஊர்ல இல்லியே?" என்று ஒரு குரல். சிரிப்பு. கதாநாயகன் தறியில் உட்கார்ந்து நெய்தான். என் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டிக்கொண்டு, "பாருய்யா, கை மட்டும் ஆட்டிகினு கீறான். காலு சும்மா தொங்குது. கால மிதிக்காம எப்படிய்யா பாவு பிரியும்? மந்திரமா?" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

பிறகு கத்தரிக்கோல் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. இழைகள் அறுபட்டுத் தொங்கின. என் காது வழக்கப்படி விசிலை எதிர்பார்த்துத் தயாராக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "அடப்பாவி! பாவ அறுத்துட்டானே!" என்றது. 'இடைவேளை' விழுந்தது. யாரும் முறுக்கு வாங்கக்கூட அவசரமாக எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முதலாளி நம்பிக் குடுத்த பட்டு. அத அறுத்துட்டுப் போனவன் இன்னா பெரிய மனுசன்? இவனுக்குப் படம் வேற" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. அவரைப் போல இன்னும் பலர் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு பெஞ்சுகளில் பாதி காலி.

விடுதலை என்று நான் எழுதிய காட்சி இவர்களுக்குத் துரோகம். பட்டு நெசவாளிக்குச் சொந்தமில்லை, முதலாளி வீட்டிலிருந்து நம்பிக்கையின் பேரில் வருவது. இதை ஆரணியில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கோடம்பாக்கத்தில் ஏழு பேர் உட்கார்ந்து மூன்று மாதம் பேசியும் எங்களுக்குத் தெரியவில்லை.

படம் விட்டதும் மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டேன். மேனேஜர் ஆரோக்கியம் ஐம்பது வயதுக்காரர், வெற்றிலை வாயோடு பேசுவார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பெனி ஆளா? நல்ல நேரத்துல வந்தீங்க சார். முத நாள்லேர்ந்து இதே பேஜார்தான். எங்கள வுடுங்க. அந்தப் பூங்காவனம் அம்மா கதிதான் பாவம்."

"அவங்களுக்கு என்னங்க?"

"அவங்க கல்யாணப் பொடவைய அண்ணன் பாதி, அவங்க பாதி நெய்ஞ்சதுன்னு ஊருக்கே தெரியும். பெருமையா சொல்லுவாங்க. இப்ப படத்துல அவரு பாவ அறுத்துட்டாரு. நோட்டீஸ்ல அவரே சொன்னதுன்னு போட்டிருக்குது. அப்ப அந்த அம்மா இத்தினி வருசமா சொன்னது பொய்யின்னு ஆயிப்போச்சுல்ல? அவங்க நாத்தனாரே தெருவுல வெச்சி 'பொய்க்காரி'ன்னுட்டாங்க. நேத்து இங்க வந்து, யாரு இத எழுதினதுன்னு கேட்டுகினு நின்னாங்க."

அன்று மாலை எனக்குக் காப்பிகூடக் கசந்தது. பேசாமல் பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தது உண்மை. பையைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் காலையில் எழுந்ததும் கால் அந்த வீட்டுப் பக்கம்தான் போனது. மேனேஜர் சொன்ன அடையாளப்படி, தியேட்டரிலிருந்து அரை மைல்.

பூங்காவனம் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது இருக்கும். தறியில் உட்கார்ந்திருந்தார். படக் கம்பெனி என்று சொன்னதும் கையை நிறுத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பாவ அறுத்தேன்னு எங்கண்ணன் வாயால சொன்னாரா?"

இத்தனைக்கும் உண்மையான பதிலை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. வேலை, தயாரிப்பாளர், நோட்டீஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தன. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் தறியிலிருந்து எழுந்தார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுத்து வந்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. பாயில் விரித்து, நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். உற்றுப் பார்த்தால் எனக்கே தெரிந்தது. ஒரு பக்கம் நெசவு நெருக்கமாக, இறுக்கமாக இருந்தது. விரலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்வு.

"இழைய அவரு அடிக்கிற அடி வேற, நான் அடிக்கிற அடி வேற. பாதிதான் நெய்ஞ்சிருந்தாரு. போற அன்னிக்குப் பாவு மேல துணியப் போத்திட்டு, 'பூங்கா, நீ முடிச்சுடு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குப் பதினாறு வயசு. ரெண்டு கை பட்டுருக்குதுன்னு முதலாளி வேணாம்னுட்டாரு. எங்கப்பா இதையே என் கல்யாணத்துக்கு வெச்சாரு." குரல் அதுவரை கல்லாகத்தான் இருந்தது. அடுத்த வார்த்தையில் உடைந்தது. "மெட்ராஸ்ல போயி அறுத்தேன்னு சொல்லிகினாரா? நான் முடிச்சது அவருக்குக் கேவலமா போச்சா? இனிமே இதை நான் எப்படிங்க கட்டுவேன்?"

ஊர் பேசியது அவருக்குப் பெரிதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் தன்னை மறைத்துவிட்டாரோ என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, நான் சொன்னது பொய். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தக் காட்சியை எழுதினது நான்."

அழுவார், ஆசீர்வதிப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தால் என்னைப் போல மடையன் கிடையாது. அந்த அம்மாள் எழுந்து நின்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "நீ எழுதினதா? தறிய கண்ணால பாத்திருக்கியா? சோறுதான துன்ற? ஒருத்தன் வாழ்க்கைய எழுதறவன் அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டியா?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. பறக்க வேண்டியதுதான். பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் நின்றது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மூச்சு வாங்கி ஓய்ந்ததும் மறுபடி 'ங்க' வந்தது. "இங்க வந்து எங்கிட்ட சொன்னா ஆச்சா? ஊரு படத்தப் பாத்து நம்பிச்சு. அதே தெரையில சொல்லுங்க. சிலைடு போடுங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். அப்போது இடைவேளையில் உள்ளூர்க் கடை விளம்பரங்களைக் கண்ணாடித் துண்டில் எழுதித் திரையில் காட்டுவார்கள். அதற்குப் பெயர் சிலைடு. கண்ணாடியில் கருப்பு மை பூசிக் காயவைத்து ஊசியால் கீறினால், திரையில் எழுத்து வெள்ளையாக விழும்.

மேனேஜர் ஆரோக்கியம் கேட்டதும் வெற்றிலையை மென்றபடியே யோசித்தார். "போடலாம் சார். எனக்கு இன்னா நஷ்டம்? ஆனா உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா உங்க சீட்டு கிழிஞ்சுடும். பரவால்லியா?" பரவாயில்லை என்று நான் வீரமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். முதலில் 'மேற்படி காட்சி கதையின் பொருட்டுப் புனையப்பட்டது' என்று கீறினேன். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "ரேஷன் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி கீது. யாருக்குப் புரியும்?" என்று துடைத்துவிட்டார். இரண்டாவது தடவை இப்படி எழுதினேன்: 'பாவு அறுத்தது பொய். அண்ணன் பாதி, தங்கை பாதி நெய்தது நிஜம். பொய்யை எழுதியவன் நான்.' கீழே என் பெயர். டைட்டிலில் இருந்ததைவிடப் பெரிய எழுத்து.

அன்றைய மேட்னிக்குச் செய்தி எப்படியோ பரவி, பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. பூங்காவனம் அக்கா நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் காட்சி வந்தது, அதே நிசப்தம், இடைவேளை. முதலில் ஒரு ஜவுளிக்கடை சிலைடு, அடுத்து ஒரு சோடாக் கம்பெனி, அதற்கடுத்து என் கையெழுத்து. பெஞ்சில் ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். அப்புறம், "யாருடா அந்த எழுதினவன்? எழுந்து நில்லுடா, மூஞ்சியப் பாக்கலாம்!" என்று ஒரு கூச்சல். எழுந்து நின்றேன். அடி விழும் என்றே நினைத்தேன். சிரிப்புதான் விழுந்தது. "கால மிதிக்காம நெய்ய வெச்சவன் நீதானா?" என்று நேற்றுப் பாதியில் போன அதே துண்டுக்காரர்! விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாத்தனார் பூங்காவனம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாரும் பாதியில் போகவில்லை. கடைசியில் டைரக்டர் ஆஸ்பத்திரியில் சாகும் காட்சிக்கு அரங்கமே மூக்கை உறிஞ்சியது. மெட்ராஸில்கூட அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை.

மீதிக் கதைக்கு முன்னால், போகிறவர்களுக்கான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு மனசு வராது. ரயிலில் போகிறவர்கள் 'ஆரணி ரோடு' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது, ஊருக்குள் வரப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பிடிக்க வேண்டும். சேத்துப்பட்டு, செய்யாறு பக்கம் போகிறவர்களுக்கு ஆரணியிலிருந்தே பஸ் உண்டு, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான் சொன்ன கட்டணங்களை நம்பிச் சில்லறையோடு போய் நிற்காதீர்கள், அதெல்லாம் அந்தக் காலம். புடவை எடுக்கும்போது கடையோடு நின்றுவிடாமல், முடிந்தால் நெய்கிறவர் ஒருவரையாவது பார்த்துப் பேசுங்கள். அவர் வேலையாக இருந்தால் காத்திருங்கள். யாரைப் பற்றியாவது எழுதுகிற உத்தேசம் உள்ளவர்கள் எழுதும் முன் போங்கள். நான் எழுதிய பின் போனவன். என் வேலை போனதா என்று கேட்பீர்கள். போனது. அடுத்த படத்தில் என் பெயர் இல்லை. அதற்காக வருத்தப்பட்ட நாட்களும் உண்டு, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அன்றைக்குப் படம் விட்டபோது மணி ஐந்தேகால். எனக்கு ஆறு மணிக்குப் பஸ். வாசலில் பூங்காவனம் அக்கா நின்றுகொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து. நாத்தனாரை முன்னால் போகச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"படம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சேதி வந்து நான் பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. கடைசியில எப்படி இருந்தாரு, இன்னா சொன்னாருன்னு எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல. படத்துல சாவறப்ப 'பூங்கா'ன்னு என்னைக் கூப்பிட்டுகினே கண்ண மூடறாரே..."

அது நிஜமா என்று கேட்க வருகிறார் என்று புரிந்தது. அந்த ஆஸ்பத்திரி அறையில் யார் இருந்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கண்ணை மூடும்போது ஒரு பெயர் சொன்னால் நன்றாக இருக்கும் என்று, எங்களிடம் இருந்த தங்கை பெயரைச் சுருக்கிப் போட்டேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் மலர்ந்துவிடும். ஆனால் காலையில் இதே முகத்தைப் பார்த்து ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தேன். இன்னொன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அதுவும் நான் எழுதினதுதாங்க."

பூங்காவனம் அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு சிலைடு போட வேணாம்" என்றார்.